சலேத்தம்மாளுக்குப் பதிலாகச் செத்தவர்கள்

சலேத்தம்மாள் முதல்முறை சாகக் கிடந்தபோது, சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போய், மகள் பிலோமினா பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்து உதறி வைத்து, மகன் செபஸ்தியான் கல்லறைக் குழிக்கு ஆள் சொல்லி அனுப்பி, எல்லாம் ஆன பிறகு, கட்டிலுக்கடியில் படுத்திருந்த வியாழன் என்ற வெள்ளாடு நீளமாக ஒரு மூச்சு விட்டுச் செத்துப்போக, சலேத்தம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். எங்களுக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. துக்க வீடென்று அடுப்பு மூட்டாமல் இருந்ததால் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வர வேண்டியிருந்தது. கோயிலில் துக்க மணி அடிக்கத் தொடங்கிவிட்டிருந்தார்கள், அதை நிறுத்த ஒருவர் சைக்கிளில் போக வேண்டியிருந்தது. அவள் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள், கீழே குனிந்து ஆட்டைப் பார்த்தாள், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். செத்துப் பிழைத்தவள் ஆட்டுக்காக அழுகிறாளே என்று யாரும் கேட்கவில்லை. அவள் அப்படித்தான்.

எங்கள் தெரு, தோல் பதனிடும் தோல்ஷாப்புக்காகவே உண்டான தெரு. மலையடிவாரத்து ஊரிலிருந்து அவள் கல்யாணமாகி வந்தபோது தோல்ஷாப்புக் குழாய் ராவும் பகலும் புகைந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புத் தொட்டிகளின் வாடையும் ஆவாரம்பட்டை ஊறும் வாடையும் எங்கள் துணியிலும் சோற்றிலும் தலைமயிரிலும் ஏறியிருந்தன. எங்கள் தெருவுக்குள் மிருகம் என்று வந்தால் அது உப்புத் தடவி மடித்து, லாரியில் அடுக்கப்பட்டுத்தான் வரும். அப்படிப்பட்ட தெருவுக்குள் சலேத்தம்மாள் ஒரு கையில் தகரப் பெட்டியும் மறுகையில் நொண்டி ஆட்டுக்குட்டி ஒன்றுமாக வந்து இறங்கினாள். அந்தக் குட்டி தெருமுனையில் நின்று காற்றை மோந்து பார்த்து உடம்பெல்லாம் நடுங்கியது என்றும், அவள் அதைத் தூக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு வலது காலை எடுத்து வைத்தாள் என்றும் அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள்.

அவள் புருஷன் யாகப்பன் தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டும் வேலை பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் நின்று அவர் எலுமிச்சம்பழத் தோலால் கை தேய்த்துக் குளித்து முடிக்கும்வரை அவள் கதவைத் திறக்க மாட்டாள். பிறகு சோறு போட்டுவிட்டுக் கேட்பாள்.

"இன்னைக்கு எத்தன பேரு?"

"நெறைய பேரு," என்பார் அவர், தட்டைப் பார்த்தபடி.

நிறைய பேருக்காக அவள் ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள்நிறை மந்திரமும் சொல்லுவாள். அவரும் வாய்க்குள் சேர்ந்து சொல்லுவார். அவர் மேல் அவளுக்குக் கோபமில்லை. சுண்ணாம்பு தின்ற அவருடைய விரல்களுக்குப் படுக்கும் முன்னால் அவளே தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். கடைசிக் காலத்தில் அவர் நெஞ்சு அடைத்துக் கிடந்தபோது, அவரைத் தன் மடியில் சாய்த்து உட்கார வைத்தபடியே அவளும் உட்கார்ந்த வாக்கில் தூங்கினாள். ஆனால் அவர் உயிரோடு இருந்த நாள்மட்டும் அந்தத் தோல்ஷாப்பு கேட்டுக்குள் அவள் கால் வைத்ததில்லை, அவள் அடுப்பில் கறி வெந்ததில்லை.

தெருவில் போகிற எது அவள் வாசலில் நின்றாலும் அது அவளுடையதாகிவிடும். முதலில் வந்த நாய்க்கு ராயப்பன் என்று பெயர் வைத்தாள். அது அர்ச்சிஷ்டரான புனிதருடைய பெயர், நாய்க்கு வைக்கக் கூடாது என்று அப்போதிருந்த சாமியார் கண்டித்தார். அதிலிருந்து எந்தக் கிழமை வந்ததோ அந்தக் கிழமையின் பெயரே அதற்குப் பெயர். திங்கள் என்றொரு கோழி இருந்தது, செவ்வாய் என்றொரு பூனை, பெரிய புதன் சின்னப் புதன் என்று நாய்கள், வெள்ளி என்று ஒரு கிடாய். செவிட்டுக் கழுதை ஒன்று சனிக்கிழமை வந்து சேர்ந்து சனி ஆனது. அதை அவள் "வாடா சனி, சாப்புடு சனி" என்று கூப்பிடும்போது அம்மன் கோயிலுக்குப் போகிற பக்கத்துத் தெருக்காரர்கள் பாதை மாறிப் போனார்கள். ஒவ்வொரு தை மாதமும், கால்நடைகளைக் காக்கும் வனத்து அந்தோணியார் திருவிழாவுக்கு அவள் இவ்வளவையும் குளிப்பாட்டி, கழுத்தில் சாமந்தி கட்டி, சனியை முன்னால் நடக்கவிட்டுத் தீர்த்தம் தெளிக்கக் கூட்டிப்போவாள். நாங்கள் வாசலில் நின்று சிரிப்போம். அவளும் சிரித்துக்கொண்டே போவாள்.

பிலோமினா கைக்குழந்தையாக இருந்தபோது தாயில்லாத குட்டியொன்று வந்தது, அதற்குப் புட்டிப்பால் இறங்கவில்லை. சலேத்தம்மாள் ஒரு பக்கம் மகளையும் ஒரு பக்கம் குட்டியையும் போட்டுக்கொண்டாள். இதைத் தெருவில் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள். பிலோமினா வளர்ந்து, கல்யாணமாகி, புருஷனை விட்டு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து, நரை விழுந்த பிறகும், அந்தக் கதையை யாராவது எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஆற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதென்று வழக்கு வந்து தோல்ஷாப்பு மூடியபோது, பெரிய முதலாளி எங்களைக் கோயில் வளாகத்தில் கூட்டி வைத்துப் பேசினார். வீடுகள் அவருடைய மண்ணில் இருந்தன. தோல்ஷாப்பில் உழைத்த பழைய ஆட்களில், அவர்கள் பெண்சாதிகளில், கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை தெருவில் யாரையும் காலி செய்யச் சொல்வதில்லை, அதற்குப் பிறகு மண் தன் பிள்ளைகளுக்கு என்றார். அதையே கோர்ட்டிலும் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பழைய ஆட்கள் ஒரு கோயில் கொள்ளும் அளவுக்கு இருந்தார்கள், அதனால் நாங்கள் கைதட்டினோம். ஆனால் தோல்ஷாப்பு அவர்களுடைய நெஞ்சுக்குள் ஏற்கனவே புகுந்திருந்தது. ஆண்கள் இருமி இருமிப் போனார்கள், பெண்கள் அவர்கள் பின்னாலேயே போனார்கள். வியாழன் என்ற வெள்ளாடு செத்த அன்று, கடைசி ஆளாகச் சலேத்தம்மாள் மட்டும் மிச்சமிருந்தாள். பெரிய முதலாளியும் போய்ச் சேர்ந்திருந்தார், அவருடைய பிள்ளைகள் காரில் வந்து தெருமுனையில் நிறுத்தி, இறங்காமலே பார்த்துவிட்டுப் போவார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் வழுக்கி விழுந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். பெரிய புதன் வாசற்படியில் தலை வைத்துச் செத்தது, அவள் கண் விழித்தாள். தவக்காலத்தில் நெஞ்சு வலி வந்தது, கோழி போனது. கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் லூர்துசாமிதான் முதலில் அதை வாய்விட்டுச் சொன்னவர். பூசை முடிந்து வெளியே வருகிற வழியில், செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மாச்சிக்குப் பதிலா அதுங்க போகுதுங்க," என்றார். தண்ணீர் வரும் நேரம் மாறிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார், நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டோம். சாமியாரிடம் போய் இது பாவமா என்று கேட்டோம். அவர் சின்ன வயசுக்காரர், புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திருச்சபை இதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்றார். அது எங்களுக்குப் போதுமாயிருந்தது.

அதன் பிறகு அதன் நெளிவுசுளிவுகளைத் தெரிந்துகொள்ளத் தொடங்கினோம். சந்தையில் செம்மறி ஒன்று வாங்கி, அவள் மூச்சுத் திணறிக் கிடந்த கட்டில் காலில் கட்டினோம். செம்மறி கயிற்றை மென்றுகொண்டு நின்றது, கூரைமேல் கிடந்த செவ்வாய் என்ற பூனைதான் உருண்டு விழுந்து செத்தது. அப்படியென்றால் பழக்கமில்லாத மிருகம் உதவாது, அவள்மேல் பாசம் வைத்ததாக இருக்க வேண்டும். பெரிய மிருகமாக இருந்தால் அதிக நாள் தாங்கும் என்ற நினைப்பும் பொய்யானது. கழுதை கொடுத்தது கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரைக்கும்தான், தினமும் அவள் கையில் அரிசி தின்ற அணில் ஒன்று ஏறக்குறைய ஒரு வருஷத்தை இழுத்துக் கொடுத்தது. எது எவ்வளவு பாசம் வைத்ததோ அவ்வளவு நாள் என்று பெண்கள் சொன்னார்கள். ஆகவே வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டு மிருகங்கள் கொண்டுவந்தோம். குட்டியாக, நோஞ்சானாக, நொண்டியாகப் பார்த்துக் கொண்டுவந்தோம், அப்படிப்பட்டவற்றை அவள் அதிகமாகக் கொஞ்சுவாள், அவையும் அவளிடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். "அம்மாச்சி, ரோட்டுல கெடந்துச்சு, பாவமா இருந்துச்சு," என்று சொல்லிக் கொடுத்தோம். அவள் எங்களை ஆசீர்வாதம் செய்தாள். தோல்ஷாப்புத் தெருக்காரர்களுக்கே இப்போது இரக்கம் வந்துவிட்டது, யாகப்பன் இருந்து பார்க்கவில்லையே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தெரு செழித்தது என்றே சொல்ல வேண்டும். கூரை வீடுகள் ஓட்டு வீடுகளாயின, வெளியூரில் பெண் கொடுக்கத் தயங்கியவர்கள் கொடுத்தார்கள், ரோசலி தன் நடக்க முடியாத மகனுக்காக வாசலில் சரிவாகச் சிமெண்டுப் பாதை போட்டாள். செத்தவற்றை மூடிக்கிடந்த தோல்ஷாப்புக்குப் பின்னால் புதைத்தோம். அவள் கண் விழித்துக் கேட்டால், விற்றுவிட்டோம், நல்ல இடம், தோட்டம் துரவு இருக்கிற இடம் என்று செபஸ்தியான் சொல்லிவிடுவார். கொஞ்ச நாளில் செபஸ்தியானுக்குப் புதைக்கவும் மனசு வரவில்லை. பரம்பரையாகத் தோலில் புழங்கிய குடும்பத்துப் பிள்ளை, நல்ல தோல் மண்ணுக்குப் போகிறதே என்று அவருக்கு இருந்தது.

அப்படித்தான் ஒரு நாள், உடம்பு தேறி, கம்பை ஊன்றிக்கொண்டு காற்றாட நடந்து போன சலேத்தம்மாள், தோல்ஷாப்பின் பின்சுவரில் ஒரு தோல் விரிந்து காய்வதைப் பார்த்தாள். கிட்டே போய், காது இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த செவலை மச்சத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அது வெள்ளிதான?"

"எதும்மா?"

"சொவத்துல காயுது. பெரிய தோட்டத்துல மேயிறான்னு ஒங்கண்ணன் சொன்னான்."

பிலோமினா கையைக் கழுவினாள். பொய் சொல்லிச் சொல்லி அவளும் களைத்திருந்தாள்.

"நீ மூச்சில்லாமக் கெடந்த அன்னைக்கு அது போச்சு."

"அதுக்கு முன்னாடி புதனு? சனி? அந்த அணிலு?"

"எல்லாந்தான். நீ விழுறப்பெல்லாம் ஒண்ணு போகுது, நீ எந்திரிக்கிற. ஒனக்கே தெரியும்னு நெனச்சோம்."

"வியாழன் போனப்ப ஏதோ தற்செயல்னு இருந்துட்டேன்," என்றாள் சலேத்தம்மாள். பிறகு, "தெருவுல எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவங்கதானம்மா கொண்டாந்து குடுக்குறாங்க."

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் தெருவையே தன் வாசலுக்கு வரச் சொன்னாள். நாங்கள் போனோம். மடியில் ஏறிய பூனைக்குட்டியைத் தடவாமல், இறக்கியும் விடாமல், இனி ஒன்றையும் கொண்டுவராதீர்கள் என்றாள்.

"நீங்க போயிட்டா நாங்க எங்க போறது, அம்மாச்சி?" என்று உபதேசியார் கேட்டார்.

"நான் ரொம்ப நாள் இருந்துட்டேன்யா."

ரோசலி முன்னால் வந்தாள். "எம்மவனத் தூக்கிக்கிட்டு நான் எந்த மாடிப்படி ஏறுவேன்? சொல்லுங்க. தெருவக் காலி பண்ணா மொதலாளி பிள்ளைங்க குடுக்குறது மூணாவது மாடி வீடு. ஒரு ஆட்டுக்குட்டிக்காக அவன் செத்தாப் பரவாயில்லையா?"

சலேத்தம்மாளுக்கு ரோசலியின் மகனை நன்றாகத் தெரியும். அவனுக்குத் தினமும் பிற்பகலில் தன் நாய்களைக் கூட்டிப்போய் விளையாட்டுக் காட்டுகிறவள் அவள்தான். 

"அதுங்கள யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள் கடைசியில்.

"கேட்டா சொல்லவா போகுது?" என்றார் செபஸ்தியான்.

"சொல்லாதுன்னு தெரிஞ்சுதானடா எடுத்துக்கிறீங்க."

அப்போது பிலோமினா, அவ்வளவு நேரம் நிலைக்கதவில் சாய்ந்து நின்றவள், தணிந்த குரலில் கேட்டாள். "அதுங்க பெருசா, நாங்க பெருசா? ஒரு தடவையாச்சும் வாயத் தொறந்து சொல்லும்மா."

சலேத்தம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு மடியைப் பார்த்தாள். அந்தப் பூனைக்குட்டி மடியிலேயே தூங்கிவிட்டிருந்தது. பிலோமினா தனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நாங்களும் கலைந்து போனோம், அந்த வாரமே ரோசலி இரண்டு முயல்குட்டிகளைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தை மாதம் வந்ததும் சலேத்தம்மாள் எல்லாவற்றையும் திருவிழாவுக்கு ஓட்டிப்போனாள், திரும்பும்போது தனியாக வந்தாள். வெளியூர்க்காரர்களாகப் பார்த்து, ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கெஞ்சி, அத்தனையையும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஆனால் பாசம் வைத்தவை திரும்பி வந்தன. ஆடு அறுந்த கயிற்றோடு வந்தது, பூனை கருவேலங்காட்டு முள்ளோடு வந்தது, சின்னப் புதன் என்ற நாய் நாக்கு தொங்க ஓடி வந்து அவள் காலடியில் மூத்திரம் போயிற்று. நாங்கள் கதவிடுக்கில் நின்று அதைப் பார்த்து மாதாவுக்கு நன்றி சொன்னோம். அவள் நாயைப் பார்த்தாள். சுவரில் சாய்த்திருந்த கம்பை எடுத்தாள். வாழ்நாளில் ஒரு எறும்பைக்கூடத் தட்டிவிடாத கை, நாயின் முதுகில் ஓங்கி அடித்தது.

அதற்குப் பிறகு அவள் இருந்த இருப்பைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவள் ஆடுகளைப் பட்டினி போட்டாள், பசியில் கத்தியபோது காதைப் பொத்திக்கொண்டு செபமாலை சொன்னாள். முயல்களைக் காதைப் பிடித்துத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தாள். பிலோமினாவைக் கறி வாங்கி வரச் சொல்லி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கறி வேகாத அந்த அடுப்பில் சமைக்க வைத்து, மிருகங்களுக்கு எதிரே உட்கார்ந்து, அழுதுகொண்டே, ஓங்கரித்துக்கொண்டே தின்றாள், அந்த வாடை தன் கையிலும் வாயிலும் இருக்க வேண்டும் என்று. கோழிகள் முதலில் போயின. பிறகு ஆடுகள். பூனை கூரை மாறிக் கூரை போய், ஒரு நாள் கண்ணிலேயே படவில்லை. காக்கைகள்கூட அவள் வீட்டு ஓட்டுக்கூரையை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தன. நாங்கள் புதிதாகக் கொண்டுவந்து விட்டவை அவளிடம் ஒட்டுவதற்கு முன்பே அடி வாங்கி ஓடின. அந்தச் சமயத்தில் தெருவுக்கு மருமகளாக வந்த பெண்களுக்கும் அப்போது விவரம் தெரிய ஆரம்பித்த பிள்ளைகளுக்கும் சலேத்தம்மாள் என்றால் கம்பும் கையுமாக நாயை அடிக்கிற கொடுமைக்காரக் கிழவிதான். இன்றைக்கும் அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், நாங்களும் திருத்துவதில்லை.

சின்னப் புதன் மட்டும் போகவில்லை. அடித்தால் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும், அவள் களைத்துக் கம்பைக் கீழே போட்டதும் ஊர்ந்து வந்து அவள் பாதத்தை நக்கும். ஒரு கால் ஒடிந்து, ஒரு கண் வீங்கி, அவள் உள்ளே போனால் வாசலில் காத்துக் கிடக்கும். அதன் கத்தல் தெரு முழுக்கக் கேட்கும். பிலோமினா ஒரு நாள் பொறுக்க முடியாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்மா. அது போகாது. விட்டுரு."

"விடு என்னய."

"நீ சாகுறதுக்கு அதப் போயி இப்பிடிச் சித்ரவதை பண்ணணுமா?"

"நான் செத்தா அது பொழைக்கும். அது என்னய வெறுக்கணும். வேற வழி இருந்தாச் சொல்லு." அவள் மகள் பக்கம் திரும்பினாள். "நீ எப்பிடி என்னய வெறுத்த? அதச் சொல்லு. அதையே அதுக்கும் செய்றேன்."

பிலோமினா கையை விட்டுவிட்டாள்.

மாசி முடியும் நேரத்தில் சின்னப் புதன் அவளைக் கடித்தது. கம்பை ஓங்கியவளைப் பார்த்து உறுமி, பாய்ந்து, வலது கை மணிக்கட்டைக் கவ்விக் குதறிவிட்டு, மூன்று காலில் நொண்டிக்கொண்டு, ஒரு தடவைகூட நிற்காமல் தெருவைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. சலேத்தம்மாள் வழியும் ரத்தத்தோடு வீட்டுக்குள் வந்தாள். "கடிச்சிட்டான்," என்றாள் மகளிடம். பேரன் பாஸாகிவிட்டான் என்று சொல்லும்போது இருக்கிற முகம் அவளுக்கு அப்போது இருந்தது. கட்டுப் போட்டு ஊசி போட்டுக் கூட்டிவந்த பிறகு கட்டிலில் படுத்து, திருவிழாவுக்குப் பிறகு முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

அதிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு தன் கணக்கை முடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அவள் வீட்டில் எறும்பும் பல்லியும் தவிர வேறு உயிரில்லை, அவையும் அவளிடம் பாசம் வைத்தவையல்ல. மூச்சு இழுக்கத் தொடங்கிய அன்று நாங்கள் வாசலில் கூடினோம், சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டு வெளியே வந்து நின்றார். இனி என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். அப்போது, வெளியூரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ரோசலியின் மாமியார், காது கேட்காத கிழவி, எதையும் உரக்கச் சொல்லிப் பழகியவள், "இப்ப மிருகம் இல்ல. யாருக்கு அவ மேல ரொம்பப் பாசமோ அவங்கள்ல ஒருத்தர் போவாங்க," என்றாள்.

அதுவரை அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய பிறகு, நாங்கள் நின்றிருந்த இடம் தானாகவே அகன்றது. அவள் பிரசவம் பார்த்துப் பிறந்த பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், அவள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர்கள் இருந்தார்கள், காய்ச்சல் கண்டு கிடந்தபோது அவள் மடியில் கிடந்தவர்கள் இருந்தார்கள், அம்மாச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்கள்தான் எல்லோரும். உபதேசியார் செபமாலையைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, கோயிலைத் திறந்து போட்டுவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னார். செபஸ்தியான் தனக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று பைக்கை எடுத்தார். ரோசலி மகனைப் பார்க்கப் போக வேண்டும் என்றாள், அது நியாயம்தான். பெண்கள் பிள்ளைகளின் காதில், "அம்மாச்சியப் பத்தி நெனைக்காத, வேற எதையாச்சும் நெனை," என்று சொல்லி வீட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்கள்.

பிலோமினா மட்டும் நிலைப்படியில் நின்றாள். உள்ளே மூச்சு இழுப்பது கேட்டது. அவள் நின்றாள், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, கதவின் கட்டையைப் பிடித்தபடி, வெயில் வாசலிலிருந்து சுவருக்கு ஏறும்வரை நின்றாள். பிறகு போனாள். கட்டிலோரம் உட்கார்ந்து, கட்டுப் போட்ட அந்தக் கையைப் பிடித்தாள். பயத்தில் பல் கடகடவென்று அடித்துக்கொண்டது என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

சலேத்தம்மாள் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள்.

"பயப்படாத," என்றாள். "ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

அதைச் சொல்லிவிட்டுச் செத்துப்போனாள்.

பிலோமினா காத்திருந்தாள். தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மறுபடி தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட ஓலத்தைக் கேட்டுத்தான் நாங்கள் கதவுகளைத் திறந்தோம். திறந்ததும் முதலில் வீட்டுக்குள் இருந்தவர்கள் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். மாத்திரை வாங்கப் போன செபஸ்தியானுக்கு போன் போட்டோம், இரண்டாவது மணியிலேயே எடுத்தார். வெளியூரில் வேலை பார்க்கிற பேரன் பேத்திகள் எல்லோரும் எடுத்தார்கள். ரோசலியின் மகன் கட்டிலில் உட்கார்ந்து, அம்மாச்சிக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்று எங்களில் யாருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. துக்கத்தைவிடப் பெரிதாக ஒன்று எங்கள் நடுவில் நடந்து வந்தது. சாமியாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அடக்கத்துக்கு மறுநாள் எங்களைக் கூப்பிட்டு, நல்ல மனிதர், எங்களுக்கு ஆறுதலாக ஒன்றைச் சொன்னார். அப்படிப் பதிலுக்கு உயிர் கொடுக்கிற வரம் மிருகங்களுக்கு மட்டும்தான் இருந்திருக்க வேண்டும், மனிதர்களுக்கு அது கிடையாது, ஆகவே யாரும் மனசைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம் என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. உபதேசியார் சரி சரி என்று தலையாட்டினார். அதானே, மனுஷனுக்கு எப்பிடி அது நடக்கும் என்றார் செபஸ்தியான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லி, அது எங்களுக்கு முன்பே தெரிந்த விஷயம்தான் என்கிற அளவுக்கு வந்துவிட்டோம்.

பிலோமினா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு. எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அப்பிடின்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா," என்று கேட்டாள், "ஏன் ஒருத்தரும் உள்ள வரல?"

 வெளியே, தெருமுனையில், முதலாளி பிள்ளைகள் அனுப்பிய ஆட்கள் நாடாவைப் பிடித்து நிலத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.